லயனல் எஞ்சின் மோட்டார்: காயிலை அறுத்துச் சுற்றக் கொடுக்கலாமா?

கேள்வி: அல்சூர் வாசகர், 7 ஜனவரி 2024

என் தாத்தா விட்டுச்சென்ற, லயனல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பொம்மை மின்ரயில் எஞ்சின் ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் பரணில் கிடந்தது. கேபினின் பக்கத்தில் 2037 என்ற எண் இருக்கிறது. அதனோடு வந்த அமெரிக்க டிரான்ஸ்பார்மரை 110 வோல்ட் கன்வெர்ட்டர் வழியாக இணைத்துப் பார்த்தேன். எஞ்சின் உறுமுகிறது, முன்விளக்கு மங்குகிறது, ஓர் அங்குலம் நகர்ந்து நின்றுவிடுகிறது, கருகிய வாடையும் வந்தது. மோட்டார் காயில் (கம்பிச்சுருள்) சுற்றித் தரும் வைண்டிங் கடை ஒன்றில் காட்டியபோது, "உள்ளே இருக்கிற காயில் எல்லாம் பழசு, இரண்டையும் அறுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிவிடலாம் சார்" என்றார்கள். ஏறத்தாழ எழுபது ஆண்டுப் பழைய கம்பியை நம்புவதைவிட அதுவே சரி என்று எனக்கும் தோன்றுகிறது. நாளை கொடுத்துவிடலாமா?

7 ஜனவரி, இரவு

கொடுக்காதீர்கள். அளந்து பார்க்காமல் எந்த நாளிலும் கொடுக்காதீர்கள். விரிவாக நாளை எழுதுகிறேன். அதுவரை மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

8 ஜனவரி

பழசு என்பது காயிலின் நோய் அன்று. எனாமல் பூசிய செம்புக் கம்பி, அளவுக்கு மீறிச் சூடாகாமலும் ஈரம் ஏறாமலும் இருந்தால், எழுபது ஆண்டுகள் கழித்தும் நன்றாகவே இருக்கும். இந்த எஞ்சின்களில் வயதானதால் கெட்டுப்போவது காயில் அன்று, ரப்பர் உறையிட்ட இணைப்பு வயர்கள்தாம். ரப்பர் காய்ந்து, தொட்டால் மண்கட்டி போல உதிர்ந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் செம்பு வெளிப்பட்டு எஞ்சின் உடம்பைத் தொடுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் அனைத்தும் அப்படி ஒரே ஒரு வயரால் வரக்கூடியவை.

உங்களிடம் இருப்பது சீரிஸ் மோட்டார். அசையாமல் நிற்கும் ஃபீல்டு காயிலுக்கும் சுழலும் ஆர்மேச்சருக்கும் ஒரே மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதால், மின்சாரம் திசை மாறும்போது இரண்டின் காந்தமும் சேர்ந்தே மாறிவிடுகிறது. அதனால் சுழலும் திசை மாறுவதில்லை. ஏசியில் (மாறுதிசை மின்சாரத்தில்) இது ஓடுவதற்குக் காரணம் இதுதான். மோட்டாரைச் சுழற்றும் வேலையில் நிலைக்காந்தத்துக்குப் பங்கே இல்லை என்பதால், பரணில் கிடந்த ஆண்டுகளில் மோட்டார் தன் வலுவை இழந்திருக்கும் என்ற அச்சமும் தேவையில்லை.

அந்த உறுமலையும் நோயாகக் கொள்ள வேண்டாம். மோட்டாருக்கு மேலே இ-யூனிட் என்று அழைக்கப்படும் திசைமாற்றி இருக்கிறது. ஒவ்வொரு முறை மின்சாரம் நின்று மீண்டும் வரும்போதும் அதன் சிறு உருளை ஒரு படி திரும்பி, முன்னோட்டம், நிறுத்தம், பின்னோட்டம், நிறுத்தம் என்ற வரிசையில் இணைப்பை மாற்றுகிறது. உறுமுவது அதன் காயில்தான். அது உறுமுகிறது என்றால் மூன்று கம்பித் தண்டவாளத்தின் நடுக் கம்பியிலிருந்து மின்சாரம் அதுவரை ஒழுங்காக வந்து சேர்கிறது என்று பொருள். உறுமியபடி நகராமல் நிற்கும் எஞ்சின், பழுதே இல்லாமல் வெறுமனே நிறுத்தப் படியில் இருக்கவும் கூடும். விளக்கு மங்குவதும் கருகிய வாடையும் அப்படி ஒதுக்கக்கூடியவை அல்ல. அவை எங்கோ ஷார்ட் சர்க்யூட் இருப்பதைக் காட்டுகின்றன.

8 ஜனவரி, மாலை

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். விளக்கு மங்குவதற்கு ஷார்ட் மட்டுமே காரணம் என்பது போல எழுதிவிட்டேன். சீரிஸ் மோட்டார் இறுகி நின்றுவிட்டாலும் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். அப்போதும் விளக்கு மங்கும், வாடையும் வரும். ஆகவே மல்டிமீட்டரை எடுப்பதற்கு முன் சக்கரங்களைக் கையால் திருப்பிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் முதலில் பல்சக்கரங்களையும் அச்சுத் துளைகளையும் பாருங்கள். பழைய எண்ணெய் கோந்தாகிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். யாராவது தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் கட்டாயம் அப்படித்தான் இருக்கும். பெங்களூரின் மார்கழிக் குளிரில் அது குப்பியிலேயே உறைந்துவிடும்போது, எஞ்சினுக்குள் மட்டும் இளகியா இருக்கும்? தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும்.

10 ஜனவரி

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். அதை முழுமையாக எழுதிவிடுகிறேன்.

என் பெரியப்பா அமெரிக்காவில் படித்துவிட்டு 1958 இல் கப்பலில் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து பெங்களூருக்கு ரயிலேறியபோது, அவருடைய டிரங்குப் பெட்டியில் இதே வகை எஞ்சின் ஒன்று இருந்தது. மல்லேஸ்வரம் வீட்டின் கூடத்தில், மூன்று கம்பித் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் அவர் ஓட்டுவார். அதைத் தொடுவதற்கு எங்கள் யாருக்கும் அனுமதி இல்லை. அவருக்குப் பின் அது என்னிடம் வந்தது. 2011 இல் நான் அதை ஓட்டிப் பார்த்தபோது உங்களுக்கு நேர்ந்ததேதான் எனக்கும் நேர்ந்தது.

நான் மின்னணுச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன், மீட்டர் பிடிக்கத் தெரிந்தவன். ஃபீல்டு காயிலின் முனையில் ஒரு முள்ளையும் எஞ்சின் உடம்பில் மறுமுள்ளையும் வைத்தேன். மீட்டர் உடனே ஒலித்தது. காயில் எரிந்து உடம்போடு ஷார்ட் ஆகிவிட்டது என்று அந்த நொடியே முடிவுகட்டி, மறுநாள் காலையில் ஒரு வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் காயிலை பிளேடால் அறுத்தெடுத்து, பழைய செம்பை எடைக்குப் போடும் தகரப் பெட்டியில் எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்து பூட்டினால் அதே உறுமல், அதே வாடை. அதன் பிறகுதான் மோட்டாரை முழுவதுமாகக் கழற்றி, ஒவ்வொரு வயராகப் பின்தொடர்ந்தேன். இந்த மோட்டாரில் ஃபீல்டு காயிலின் ஒரு முனை வேண்டுமென்றேதான் எஞ்சின் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கிறது, ஏனென்றால் மின்சாரம் வெளித் தண்டவாளத்துக்குத் திரும்பிச் செல்லும் வழியே எஞ்சினின் உடம்புதான். அந்த இணைப்பைக் கழற்றாமல் அளந்தால் நல்ல காயிலும் ஷார்ட் போலத்தான் காட்டும். உண்மையான பழுது, நடுக் கம்பியில் உருளும் ரோலரிலிருந்து இ-யூனிட்டுக்குப் போகும் வயரில், மோட்டார் தகட்டின் விளிம்பு உரசும் இடத்தில், அரிசி நீளத்துக்கு ரப்பர் உதிர்ந்திருந்த ஒரே புள்ளியில் இருந்தது.

பழுதில்லாத காயிலை நான் அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக வந்தது அதற்கு ஈடானதும் இல்லை. கடைக்காரர்கள் தடித்த கம்பியால் குறைவான சுற்றுகள் சுற்றியிருக்கிறார்கள். அன்று முதல் என் எஞ்சின் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுகிறது, வளைவில் சாய்ந்து விழுகிறது, பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாதபடி சூடாகிறது. பெரியப்பா ஓட்டியபோது அது மெல்லக் கிளம்பிய விதம் என் கண்ணிலேயே இருக்கிறது.

13 ஜனவரி

அளக்கும் முறையை எழுதுகிறேன்.

மோட்டாரின் பக்கத்தில் உள்ள பிரஷ் தகட்டை (ஆர்மேச்சருக்கு மின்சாரம் தரும் கார்பன் துண்டுகளைத் தாங்குவது) இரண்டு திருகுகள் பிடித்திருக்கும். கழற்றும்போது பிரஷ்களின் கீழிருக்கும் ஸ்பிரிங்குகள் தெறிக்கக்கூடும் என்பதால், வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள். ஆர்மேச்சரின் முகத்தில் வட்டமாக மூன்று செம்புத் துண்டுகள் தெரியும், அதுதான் கம்யூட்டேட்டர். ஒன்றுக்கும் இரண்டுக்கும், இரண்டுக்கும் மூன்றுக்கும், மூன்றுக்கும் ஒன்றுக்கும் இடையே மின்தடையை அளந்தால், மூன்று அளவுகளும் ஒன்றுபோல் சிறியனவாக இருக்க வேண்டும். அந்த எண் என்ன என்பதைக் காட்டிலும் மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் நடு அச்சுக்கும் இடையே அளந்தால் எதுவும் காட்டக் கூடாது. இந்த இரண்டிலும் தேறிய ஆர்மேச்சரைச் சுற்றக் கொடுப்பது பாவம்.

ஃபீல்டு காயிலை அளக்கும்போது நான் செய்த பிழையைச் செய்யாதீர்கள். உடம்போடு சேரும் முனையைப் பற்றவைப்பிலிருந்து விடுவித்த பிறகே அளக்க வேண்டும். மீட்டரின் இரு முட்களையும் முதலில் ஒன்றோடொன்று தொடவைத்து, அப்போது வரும் சிறு அளவைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் அளவிலிருந்தும் கழித்துவிடுங்கள். ஓரிரு ஓம் அளவுள்ள காயிலில் அந்தச் சிறு அளவே கணக்கைக் கெடுத்துவிடும்.

கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, தேவைப்பட்டால் மட்டும் மிக மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தேயுங்கள். எமெரித் தாள் வேண்டாம், அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும். மூன்று துண்டுகளுக்கும் இடையிலுள்ள பள்ளங்களில் கார்பன் தூள் எண்ணெயோடு குழைந்து அடைத்திருக்கும். அதுவே ஒரு ஷார்ட். தென்னை ஈர்க்கை நுனி சீவி அந்தப் பள்ளங்களை வழித்தெடுங்கள். உலோக ஊசி செம்பைக் கீறிவிடும், ஈர்க்கு கீறாது.

14 ஜனவரி, காலை

எல்லாவற்றுக்கும் முன்னதாக எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன், மன்னிக்கவும். எஞ்சினில் ஓடுவது பதினைந்து பதினாறு வோல்ட்தான், அதனால் உயிருக்குத் தீங்கில்லை. சுவரில் செருகும் டிரான்ஸ்பார்மர் அப்படியன்று. அதன் வயரும் அதே காலத்து ரப்பர்தான். அந்த வயரை மாற்றி, உள்ளே சுவர்ப் பக்கத்துக் காயிலுக்கும் இரும்பு உடம்புக்கும் இடையேயும், அந்தக் காயிலுக்கும் தண்டவாளப் பக்கத்துக் காயிலுக்கும் இடையேயும் மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துச் சோதித்து, ஆர்.சி.சி.பி. (மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள இணைப்பில் மட்டுமே பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. அமெரிக்க டிரான்ஸ்பார்மர் 115 வோல்ட், 60 சைக்கிளுக்கு (அதாவது ஹெர்ட்ஸுக்கு) செய்யப்பட்டது. நம்முடையது 50 சைக்கிள். மின்னழுத்தத்தைக் கன்வெர்ட்டர் சரிசெய்தாலும் சைக்கிள் மாறுவதில்லை. சைக்கிள் குறையும்போது இரும்பு உள்ளகத்தில் காந்தப்பாயம் அதே விகிதத்தில் கூடுகிறது, அதாவது 20 சதவீதம். இரும்பு தெவிட்டி, எஞ்சின் ஓடாதபோதும் டிரான்ஸ்பார்மர் சூடாகிறது. 115 ஐ 50 ஆல் பெருக்கி 60 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 96 வருகிறது. வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) வைத்து 96 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கொடுத்தால் அது பாதுகாப்பாக இருக்கும். நான் வைத்திருப்பது அதைவிட எளிய வழி: 230 வோல்ட்டிலிருந்து 16 வோல்ட்டுக்கு இறக்கும், 5 ஆம்பியர் தாங்கும் டிரான்ஸ்பார்மரை இங்கேயே சுற்றச்சொல்லி, வெளிவரும் பக்கத்தில் 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, வேரியாக்கை முன்னால் வைத்திருக்கிறேன்.

16 ஜனவரி

கோலார் தங்கவயலில் வளர்ந்த இன்னொரு வாசகர், தம் வீட்டுப் பழைய பொம்மை டிரான்ஸ்பார்மரில் 25 சைக்கிள் என்று பொறித்திருப்பதாகவும், அதை இங்கே செருகலாமா என்றும் கேட்டிருக்கிறார். சிவனசமுத்திரத்தில் 1902 இல் தொடங்கித் தங்கவயலுக்கு வந்த மின்சாரம் 25 சைக்கிள்தான், ஆகவே அந்தப் பொறிப்பில் வியப்பில்லை. 25 சைக்கிளுக்குச் செய்ததை, அதில் எழுதியுள்ள மின்னழுத்தத்திலேயே 50 சைக்கிளில் இணைத்தால் காந்தப்பாயம் பாதியாகிறது. இரும்புக்குச் சிரமம் இல்லை. நான் மேலே எச்சரித்தது எதிர்த்திசைக்கு மட்டுமே. ஆனால் ரப்பர் வயரைப் பற்றிச் சொன்னது அதற்கும் பொருந்தும்.

21 ஜனவரி

அல்சூர் வாசகர் அளந்து எழுதியிருக்கிறார். ஆர்மேச்சரின் மூன்று அளவுகளும் ஒத்திருக்கின்றன, அச்சோடு தொடர்பில்லை. ஃபீல்டு காயிலும், உடம்பு இணைப்பை விடுவித்த பிறகு, நலம். ரோலரிலிருந்து வரும் வயர் கையில் எடுத்தவுடனே மூன்று இடங்களில் உதிர்ந்துவிட்டதாம். வைண்டிங் கடைக்கு இனி வேலையில்லை.

வயர் மாற்றுவதைப் பற்றி: பெங்களூரின் மின்பொருள் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண பி.வி.சி. வயர் இந்த இடத்துக்குப் பொருந்தாது. பற்றவைக்கும் சூட்டில் அதன் உறை பின்வாங்கும், தடிமனாக இருப்பதால் எஞ்சினின் மேல்கூடான பாய்லர் கூட்டை மூடும்போதும் நசுங்கும். அதே தெருவில் டெஃப்லான் வயரும் சிலிக்கான் வயரும் கிடைக்கின்றன. இ-யூனிட்டிலிருந்து பிரஷ்களுக்குப் போகும் வயர்களுக்கு, சற்று அசைவு வேண்டியிருப்பதால், மென்மையான சிலிக்கானையே விரும்புகிறேன்; கூர்மையான தகட்டு விளிம்பை உரசும் ரோலர் வயருக்கு டெஃப்லான் போட்டு, அதன் மேல் கண்ணாடி இழை ஸ்லீவ் ஒன்றையும் ஏற்றுங்கள்.

பழைய வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போடக் கூடாது. ஒரு வயரைக் கழற்றினால் அதன் இடத்தில் புதியதைப் பற்றவைத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இ-யூனிட்டின் விரல் போன்ற தொடுதகடுகள் காகிதம் போல மெல்லியவை. அவற்றில் வளைவு மாறினால் உருளையைத் தொடாமல் போய்விடும். பற்றவைக்க ரெசின் ஃப்ளக்ஸ் மட்டுமே. பாத்திரக் கடைகளில் புழங்கும் ஆசிட் ஃப்ளக்ஸ் முதலில் அழகாகப் பிடிக்கும், ஆனால் ஈராண்டில் பச்சை பூத்து முடியளவுக் கம்பியை அரித்துவிடும்.

22 ஜனவரி

தண்டவாளத் துருவைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்து எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. வளைவில் எஞ்சின் பிடிப்போடு ஓடுவதற்காக லயனல் 1950 முதல் தன் எஞ்சின்கள் பலவற்றின் சக்கரங்களைக் காந்தமாக்கியது. உங்களுடையதும் அந்த வகை. உதிரும் இரும்பு இழைகளை அந்தச் சக்கரங்கள் இழுத்துக்கொள்ளும், அங்கிருந்து அவை மோட்டாருக்குள் போகும்.

28 ஜனவரி

எஞ்சின் ஓடிவிட்டது என்ற செய்தியும், பத்து விநாடிக் காணொளியும் வந்தன. மிக்க மகிழ்ச்சி. காயில்கள் இரண்டும் தொழிற்சாலையில் சுற்றியபடியே இருக்கின்றன.

டி.சி.யில் (ஒருதிசை மின்சாரத்தில்) ஓட்டலாமா என்ற கேள்விக்கு: ஓட்டலாம். ஜனவரி 8 ஆம் நாள் குறிப்பைப் படித்தவர்களுக்கு ஏசியில் மட்டுமே ஓடும் என்ற எண்ணம் வந்திருந்தால் அது என் எழுத்தின் குறை. சீரிஸ் மோட்டார் இரண்டிலும் ஓடும், டி.சி.யில் சற்றுக் குளிர்ச்சியாகவும் ஓடும். ஆனால் எஞ்சினுக்குப் பின்னால் வரும் டெண்டரில் (நிலக்கரிப் பெட்டியில்) விசில் இருந்தால் அது ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் ஏசியோடு சிறிது டி.சி. கலந்து வரும்போது அதை உணர்ந்து ஊதும்படிதான் அந்த விசிலின் ரிலே அமைக்கப்பட்டிருக்கிறது.

4 பிப்ரவரி

ஒரு வேண்டுகோள். உங்கள் ஃபீல்டு காயில் தொடப்படாதது. என்னுடையதன் மூல அளவு எனக்கு இல்லாமல் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சினோடு மல்லேஸ்வரத்துக்கு வந்தால், இரண்டையும் ஒரே மேசையில் வைத்து அளந்துவிடலாம்.

11 பிப்ரவரி

அவர் சனிக்கிழமை மாலையே எஞ்சினைக் கொண்டுவந்து விட்டுச் சென்றார். செம்பின் மின்தடை பத்து டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 4 சதவீதம் மாறும் என்பதால், இரண்டு மோட்டார்களையும் இரவு முழுவதும் ஒரே மேசையில் வைத்திருந்தேன். இவ்வளவு சிறிய மின்தடைக்கு மல்டிமீட்டரை நம்பாமல், ஒழுங்குபடுத்திய சப்ளையிலிருந்து சரியாக 1 ஆம்பியர் டி.சி. செலுத்தி, காயிலின் இரு முனைகளுக்கிடையே விழும் வோல்ட்டை அளந்தோம். அந்த வோல்ட் எண்ணே ஓம் எண். என் காயில் அவருடையதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

பிறகு அவருடைய காயிலின் வெளிமுனைக் கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்தபோதுதான் பதின்மூன்று ஆண்டுகளாகப் புரியாதது புரிந்தது. ஜனவரி 10 ஆம் நாள் கடைக்காரர்களைக் குறை சொல்லி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அவர்கள் தாமாகத் தடித்த கம்பியைப் போடவில்லை; அமெரிக்கத் தாள் ஒன்றில் பார்த்த கேஜ் (கம்பிப் பருமன்) எண்ணை நானே அவர்களிடம் சொன்னேன். அமெரிக்க கேஜும் நம் வைண்டிங் கடைகள் புழங்கும் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கேஜும் வெவ்வேறு என்பதை அப்போது நான் நினைத்தே பார்க்கவில்லை. எடுத்துக்காட்டாக, எண் 24 என்றால் அங்கே 0.511 மி.மீ., இங்கே 0.559 மி.மீ. தாளில் பார்த்தால் மயிரிழை வித்தியாசம். ஆனால் அதே இடத்துக்குள் அடங்கும் சுற்றுகள் 16 சதவீதம் குறைகின்றன, கம்பியின் குறுக்குப் பரப்போ 20 சதவீதம் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து மின்தடையை 30 சதவீதம் இறக்கிவிடுகின்றன. அவர்கள் கேட்டதைச் சரியாகவே செய்து தந்தார்கள். சுற்றக் கொடுக்கும் எவரும் எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லுங்கள்.

25 பிப்ரவரி

இரண்டு வாரங்களாக மாலை நேரங்களில் நானே சுற்றினேன். பழைய காயில் சுற்றப்பட்டிருந்த ஃபைபர் அட்டையில், தொழிற்சாலை வார்னிஷ் எதுவரை ஏறியிருந்தது என்பதற்கான பழுப்புக் கோடு இன்னும் இருந்தது. மைக்ரோமீட்டர் காட்டிய அதே பருமனில் கம்பி வாங்கி, அடுக்கடுக்காக நெருக்கிச் சுற்றி வந்தபோது, அந்தக் கோட்டைத் தொட்ட இடத்தில் மின்தடை அவருடைய காயிலுக்கு மிக அருகில் வந்து நின்றது. வார்னிஷ் பூசி ஒரு நாள் முழுவதும் உலரவைத்தேன்.

சுற்றுகளின் எண்ணிக்கையைச் சிலர் கேட்கிறார்கள். அது இந்த ஒரு மோட்டாரின் கணக்கு. இங்கே பொதுவில் எழுதினால் நாளை வேறு மாதிரி எஞ்சினுக்கு யாராவது அதையே கடையில் சொல்லிவிடுவார்கள், நான் கேஜ் எண்ணைச் சொன்னதைப் போல. கம்பியின் பருமன், சுற்றுகள், மின்தடை, அளந்த நாளின் வெப்பநிலை ஆகிய நான்கையும் ஓர் அட்டையில் எழுதி எஞ்சினின் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

நேற்றிரவு ஓட்டினேன். வேரியாக்கைத் திருப்பத் திருப்ப முதலில் விளக்கு எரிந்தது, பிறகு இ-யூனிட் உறுமியது, அதன் பின் சக்கரங்கள் கண்ணால் எண்ணக்கூடிய வேகத்தில் நகரத் தொடங்கின. அரை மணி நேரம் ஓடிய பிறகும் மோட்டார் தகட்டின்மேல் கையை வைத்துக்கொண்டே இருக்க முடிந்தது.